காணி பிரிக்கலாம், கட்ட விடுவாங்களா?
அப்டன் பார்க்கில எங்கட சனம் இன்னும் ஊர்க் கணக்கில்தான் யோசிக்குது. ஊரில் காணி பிரிக்க, நில அளவையாளரின் வரைபடத்தோடு பிரதேச சபைக்கு அலைய வேண்டும். இங்கே தலைகீழ். பின்வளவைத் தனி உறுதியாக்க நியூஹாம் கவுன்சிலின் அனுமதி தேவையில்லை. வரைபடமும் டிபி1 படிவமும் நிலப் பதிவகத்துக்குப் போகும். வீட்டுக் கடன் இருந்தால் வங்கியும் சம்மதிக்க வேண்டும், அதுதான் பெரிய இழுபறி.

ஆனால் அந்தத் துண்டில் வீடு கட்டவோ, இருக்கிற வீட்டை இரண்டு ஃபிளாட்டாக்கவோ திட்ட அனுமதி வேண்டும். சிறிய விண்ணப்பத்துக்குத் தவணை 8 வாரம். "நாலு வருசம் சத்தமில்லாமல் இருந்தால் சரி" என்கிற ஆக்களை நம்பாதீங்கோ. 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் அது 10 வருடம். பழைய கணக்கு அதற்கு முன் முடிந்த வேலைகளுக்கு மட்டும்தான்.

பின்வளவுத் துண்டுக்கு முற்பணம் கொடுக்கமுன், அந்த முகவரியின் பழைய விண்ணப்பங்களைக் கவுன்சில் இணையத்தில் தேடி, மறுத்த காரணத்தை வாசியுங்கோ.