சிறிய விமானங்களும் நிலைக்காத வழித்தடங்களும்

பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபர் 17 ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்ட வேளையில், சென்னையிலிருந்து முதலாவதாக வந்து தரையிறங்கியது இந்தியாவின் அலையன்ஸ் எயார் விமானமாகும். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் வாரத்துக்கு மூன்று தினங்கள் என்ற அடிப்படையில் பயணிகள் சேவை ஆரம்பமாகியது. 2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றினால் நிறுத்தப்பட்ட அச்சேவை, 2022 டிசம்பரிலேயே மீண்டும் தொடங்கியது. கட்டுநாயக்கவுக்கும் சென்னைக்கும் இடையிலான சேவைகளோ அதற்கு வெகு முன்னரே வழமைக்குத் திரும்பியிருந்தன. இந்தத் தாமதத்தில் அரசியலுக்கும் பங்கிருக்கலாம். எனினும், பிராந்திய விமான நிறுவனங்களின் தொழில் முறையை விளங்கிக்கொள்ளாமல் அரசியலை மாத்திரம் காரணம் காட்டுவது பொருத்தமாகாது.

அலையன்ஸ் எயார் 1996 இல் இந்தியன் எயார்லைன்ஸின் துணை நிறுவனமாக உருவானது. 2022 ஜனவரியில் எயார் இந்தியா டாட்டா குழுமத்திடம் கையளிக்கப்பட்டபோது இந்நிறுவனம் அதில் சேர்க்கப்படாது அரசாங்கத்திடமே எஞ்சியது. எழுபது ஆசனங்கள் கொண்ட ஏ.ரி.ஆர் 72 ரக விமானங்களே இதன் பிரதான பலமாகும். சுழல்விசிறிகளால் இயங்கும் இவ்விமானங்கள் குறுகிய ஓடுபாதைகளிலும் இறங்கக் கூடியவை. குறுந்தூரப் பயணங்களில் ஜெட் விமானங்களை விடக் குறைந்த எரிபொருளையே செலவிடுபவை. பலாலிக்கு வேறு எவரும் வர முன்வராத காலத்தில் அலையன்ஸ் எயாரினால் வர முடிந்தமைக்கு இதுவே காரணம்.

ஆயினும் இதே சிறிய விமானம்தான் அதன் பலவீனமும் ஆகும். விமானிகளின் சம்பளம், தரையிறங்கும் கட்டணம், தரைச் சேவைச் செலவு ஆகியன எழுபது பேருக்குள்ளேயே பங்கிடப்பட வேண்டும். முப்பது ஆசனங்கள் வெறுமையாகப் போனால் அப்பயணம் நட்டமே. அத்துடன், ஒரே விமானம் நாளொன்றில் பல நகரங்களைச் சுற்றி வருவதனால், காலையில் ஓரிடத்தில் ஏற்படும் தாமதம் மாலைவரை தொடர்கின்றது. விமானமொன்று பழுதடைந்தால், பயணிகள் குறைந்த வழித்தடமே முதலில் இரத்தாகும்.

இந்நட்டத்தை ஈடுசெய்யவே இந்திய அரசாங்கம் உடான் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2017 ஏப்ரல் 27 இல் சிம்லாவிலிருந்து டில்லிக்கு அதன் முதலாவது சேவையை நடத்தியதும் அலையன்ஸ் எயார்தான். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்துக்கான கட்டணம் ஆசனங்களில் ஒரு பகுதிக்கு 2,500 ரூபாவாக மட்டுப்படுத்தப்பட்டது. அதனால் ஏற்படும் இடைவெளியை மூன்று வருடங்களுக்கு அரசு நிரப்பும் என்பது ஏற்பாடு. விளைவு என்ன? 2023 இல் வெளியான இந்தியக் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை, முதல் மூன்று கட்டங்களில் வழங்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403 ஆரம்பிக்கப்படவேயில்லை எனக் கூறியது. ஆரம்பிக்கப்பட்ட 371 இல் மூன்று வருடங்களைப் பூர்த்தி செய்தவை 112. மானியம் முடிந்த பின்னரும் 2023 மார்ச் வரை நின்று பிடித்தவை 54 மாத்திரமே. நாடா வெட்டப்பட்ட வழித்தடங்களுக்கும் நிலைத்த வழித்தடங்களுக்கும் இடையிலான தூரம் இத்தகையது.

சென்னை - யாழ்ப்பாணம் சேவை உடான் திட்டத்தின் கீழ் வந்ததன்று. ஆனாலும் அதே சோதனையையே அதுவும் எதிர்கொள்கின்றது. இவ்வகையில், 2024 செப்டெம்பர் 1 ஆம் திகதி இண்டிகோ நிறுவனம் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30 ஆம் திகதி திருச்சிராப்பள்ளியிலிருந்தும் பலாலிக்குச் சேவைகளை ஆரம்பித்தமை கவனத்துக்குரியது. இண்டிகோவும் ஏ.ரி.ஆர் விமானத்தையே ஈடுபடுத்தியது. எனினும், அதன் பின்னால் மிகப் பெரியதொரு வலையமைப்பு உள்ளது. சென்னையில் இறங்கும் பயணி அதே நிறுவனத்தின் வேறொரு விமானத்தில் டில்லிக்கோ சிங்கப்பூருக்கோ செல்லலாம். சிறிய வழித்தடத்தில் ஏற்படும் இழப்பை நீண்ட வழித்தடத்தின் வருமானம் தாங்கிக்கொள்ளும்.

இவ்வழித்தடம் ஒன்றும் புதியதன்று. எயார் சிலோன் தனது முதலாவது சேவையை 1947 டிசம்பர் 10 இல் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை ஊடாகச் சென்னைக்கே நடத்தியது. பலாலியில் சேவை இல்லாத காலங்களில், கடலுக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் உள்ள சென்னைக்குச் செல்ல வடபகுதி மக்கள் முழு இரவும் பஸ்ஸில் பயணித்துக் கட்டுநாயக்கவை அடைய வேண்டியிருந்தது. சிகிச்சைக்காகச் செல்லும் முதியவர்களுக்கு அந்த இரவு எத்தகையது என்பதை எவரும் விளக்கத் தேவையில்லை.

ஆசனங்களை நிரப்புவது விமான நிறுவனத்தின் பொறுப்பு மாத்திரமன்று. விமான நிலைய வரிகள், விசாச் செலவு, பயணப் பொதிக்கான எடைக் கட்டுப்பாடு ஆகியன சேர்ந்தே ஒரு குடும்பத்தின் தீர்மானத்தை நிர்ணயிக்கின்றன. இவற்றில் முதலாவது இலங்கை அரசாங்கத்தின் கையிலேயே உள்ளது.

பெரிய விமானங்கள் வரவேண்டுமாயின் ஓடுபாதை நீடிக்கப்பட வேண்டும்; அதற்குக் காணி வேண்டும். விமான நிலையத்தைச் சூழவுள்ள வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்தோரில் ஒரு பகுதியினர் இன்னமும் தமது நிலங்களுக்காகக் காத்திருக்கின்றனர். விஸ்தரிப்புக்கு எந்தக் காணி, எவ்வளவு தேவை, எஞ்சியது எப்போது விடுவிக்கப்படும் என்பவற்றை வரைபடத்துடன் அம்மக்களிடம் முதலில் தெரிவித்த பின்னரே அரசாங்கம் அளவைப் பணிகளைத் தொடங்க வேண்டும்.