கார் சார்ந்த நகரமைப்பு

கார் சார்ந்த நகரமைப்பு என்பது, மக்கள் வேலைக்கும் பள்ளிக்கும் கடைக்கும் காரில்தான் செல்வார்கள் எனக் கொண்டு நகரைத் திட்டமிடும் முறையாகும். அகலமான சாலைகள், பெரிய வாகன நிறுத்துமிடங்கள், கடைத்தெருவிலிருந்து வெகு தொலைவில் அமைந்த குடியிருப்புகள் ஆகியவை இதன் அடையாளங்கள்.

வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இம்முறை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வேகமாகப் பரவியது. 1956-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் சுமார் 66,000 கி.மீ. நீள நெடுஞ்சாலைகளுக்கு வழிவகுத்தது. செலவில் 90 விழுக்காட்டை நடுவண் அரசே ஏற்றதால், நகரங்களின் நடுப்பகுதி வழியாகவும் விரைவுச்சாலைகள் அமைக்கப்பட்டன. குடியிருப்புப் பகுதிகளில் கடைகள் அமைவதைப் பல நகரங்களின் விதிகள் தடுத்தன. புதிய கட்டடம் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கார்கள் நிறுத்த இடம் விடவேண்டும் என்றும் அவை கூறின.

சமூகத் தாக்கம்

டெட்ராய்ட் நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலி ஆகிய பகுதிகள் நகரப் புதுப்பிப்புக்காகவும் விரைவுச்சாலைக்காகவும் இடிக்கப்பட்டன. கடைகளும் இசைக்கூடங்களும் நிறைந்திருந்த ஹேஸ்டிங்ஸ் தெருவின் தடத்தில் 1964-இல் விரைவுச்சாலை திறக்கப்பட்டது. அங்கு வாழ்ந்த குடும்பங்கள் சிதறிப்போயின.

இடிக்கப்படாத பகுதிகளிலும் இழப்பு உண்டு. கார் ஓட்ட இயலாத சிறுவர், முதியோர், மாற்றுத்திறனாளிகள், கார் வாங்க வசதியற்றோர் ஆகியோர் மருந்து வாங்கவும் பிறர் உதவியை நாட வேண்டியுள்ளது.

நெரிசல் குறையாதது ஏன்?

சாலையை அகலப்படுத்தினால் முதலில் பயணம் எளிதாகிறது. அதனால் பேருந்தில் சென்றவர்களும் காருக்கு மாறுகின்றனர். வீடுகள் மேலும் தொலைவில் கட்டப்படுகின்றன. சில ஆண்டுகளில் சாலை மீண்டும் நிரம்புகிறது. இது 'தூண்டப்பட்ட தேவை' எனப்படும். ஹியூஸ்டன் நகரின் கேட்டி விரைவுச்சாலை 2008-இல் விரிவாக்கப்பட்டது. அணுகுசாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் அதற்கு 26 தடங்கள். ஆயினும் 2011-க்கும் 2014-க்கும் இடையில் அங்கு நெரிசல் நேரப் பயண நேரம் மீண்டும் கூடியது.

சுற்றுச்சூழல் தாக்கம்

வாகனப் புகை காற்றை மாசுபடுத்தி, புவி வெப்பமாதலைக் கூட்டுகிறது. தாரும் சிமெண்டும் மூடிய நிலத்தில் மழைநீர் இறங்காமல் வெள்ளமாகிறது. பகலில் ஏறிய வெப்பம் இரவிலும் தணிவதில்லை. மின்சாரக் கார்கள் புகையைத் தவிர்த்தாலும், டயர் தேய்வதால் எழும் நுண்துகள்களையும் சாலைகள் விழுங்கும் நிலத்தையும் தவிர்ப்பதில்லை.

மாற்று முயற்சி

தென் கொரியத் தலைநகர் சியோலில், சியோங்கேசியோன் ஓடையை மூடி அதன் மேல் உயர்மட்டச் சாலை கட்டப்பட்டிருந்தது. 2003-இல் அதை இடிக்கத் தொடங்கி, 2005-இல் சுமார் 5.8 கி.மீ. ஓடையை மீண்டும் திறந்தனர். பேருந்துப் போக்குவரத்தும் சீரமைக்கப்பட்டதால், அஞ்சிய அளவுக்கு நெரிசல் ஏற்படவில்லை. ஓடைக்கரையில் வெப்பமும் குறைந்தது. ஆனால் அங்கு கடை விரித்திருந்த தெரு வணிகர்கள் இடம்பெயர நேர்ந்தது. சாலையை அமைக்கும்போது மட்டுமன்றி அகற்றும்போதும், அங்கு வாழ்வோரைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதை இது காட்டுகிறது.