இரவற் கருவி

மென்பொருள் இருவகைப்படும். கட்டளைத் தொகுதியாகிய மூலநிரலை யாவரும் கண்டு திருத்துமாறு வழங்கப்படுவது திறந்த மென்பொருள். அதனை மறைத்து, பயன்படுத்த மட்டும் இசைவு தருவது தனியுடைமை மென்பொருள்.

லினக்ஸ் என்னும் திறந்த மென்பொருளைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ், பலர் எழுதியனுப்பும் திருத்தங்களைத் தொகுத்தற்கு, 2002ஆம் ஆண்டில் பிட்கீப்பர் என்னும் தனியுடைமைக் கருவியை விரும்பி ஏற்றார். அக்காலத்துத் திறந்த கருவிகளினும் அது சிறந்ததென அவர் கருதினார். தோழர் சிலர் மறுத்துரைத்தும் கேட்டிலர். பணியும் விரைந்தது.

ஆயின், 2005ஆம் ஆண்டில் உரிமையாளர், கட்டணமின்றி வழங்கிய இசைவை நீக்கினர். டோர்வால்ட்ஸ் சின்னாட்களில் கிட் என்னும் திறந்த கருவியைத் தாமே ஆக்கினார். இன்று உலகெங்கும் நிரல் எழுதுவோர் பெரிதும் கையாள்வது அதுவே.

மாணவர்களே! சிறந்த கருவியை விரும்புதல் தவறன்று. ஆயினும், இரவல் தந்தவர் எந்நாளும் திரும்பக் கேட்டல் கூடும் என்பதை நினைவிற் கொள்க.