கூரை போன ஸ்டுடியோவில் பிறந்த பாட்டு

‘அமெரிக்கானா’ என்றதும் ஏதோ புது வகை இசை என்று தோன்றும். உண்மையில் பழைய சரக்குக்கு வைத்த புதுப் பெயர்தான் அது. கன்ட்ரி, ஃபோக், புளூஸ், புளூகிராஸ், கொஞ்சம் ராக் என்று அமெரிக்க மண்ணில் வேர்விட்ட எதுவும் இதில் சேரும்.

1990-களில் அங்குள்ள கன்ட்ரி வானொலிகள் பாப் வாடை அடிக்கும் பளபளப்பான பாட்டுகளைத்தான் விரும்பின. பழைய பாணியில் எழுதிப் பாடியவர்களுக்கு அங்கே இடமில்லை. அப்படி வெளியே நின்றவர்களுக்காக 1999-இல் அமெரிக்கானா மியூசிக் அசோசியேஷன் தொடங்கப்பட்டது. கிராமியில் சிறந்த அமெரிக்கானா ஆல்பத்துக்கான தனி விருது 2010-இல் வந்தது. முதலில் பெற்றவர் ‘தி பேண்ட்’ குழுவின் டிரம்மர் லெவன் ஹெல்ம். ஆகவே ஓசையை வைத்து இதற்கு இலக்கணம் தேடினால் தலைசுற்றும். வானொலி கைவிட்ட பிள்ளையை ரசிகர்கள் எடுத்து வளர்த்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், புரிந்துவிடும்.

அமெரிக்கானாவின் உறவுக்கார இசையான ஃபோக்-ராக் அதற்கு மூத்தது. பாப் டிலன் எழுதிய பாட்டை 1965-இல் ‘தி பேர்ட்ஸ்’ குழு 12 தந்தி எலக்ட்ரிக் கிட்டாரில் வாசித்துப் பெரும் வெற்றி கண்டது. அதே ஆண்டு ஜூலையில் நியூபோர்ட் ஃபோக் விழாவில் டிலனே எலக்ட்ரிக் கிட்டாரோடு மேடையேற, கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. நாட்டுப்பாட்டும் ராக்கும் சேர்ந்தது இப்படித்தான்.

ஆண்டு முடியும்போது தங்களுக்குப் பிடித்த ஆல்பங்களைப் பட்டியல் போடுவது இந்த இசைகளின் ரசிகர்களுக்கு வழக்கம். 2024-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு மார்ச் 22 அன்று ஒரே நாளில் இரண்டு முக்கிய ஆல்பங்கள் வந்தன. ஒன்று, சியேரா ஃபெரலின் ‘டிரெயில் ஆஃப் ஃப்ளவர்ஸ்’. மேற்கு வர்ஜீனியாக்காரர்; ஊர் ஊராகத் தெருவில் பாடிப் பிழைத்தவர். ஃபிடிலும் பழங்காலக் குரலுமாக அவர் தந்த இந்த ஆல்பமும் அதன் பாட்டுகளும் 2025-இல் 4 கிராமி விருதுகளை அள்ளின. மற்றொன்று ‘டைகர்ஸ் பிளட்’. அலபாமாவைச் சேர்ந்த கேட்டி கிரட்ச்ஃபீல்ட், ‘வாக்ஸஹாட்சி’ என்ற பெயரில் பாடுகிறார்; அது அவர் ஊர்ப்பக்கத்து ஓடையின் பெயர். இதில் அவரோடு சேர்ந்து பாடும் எம்.ஜே. லெண்டர்மன், அதே ஆண்டு செப்டம்பரில் ‘மேனிங் ஃபயர்வொர்க்ஸ்’ என்று தனியாகவும் ஓர் ஆல்பம் போட்டார். கரகரக்கும் கிட்டார், முகத்தில் சிரிப்பைக் காட்டாத நக்கல், உருப்படாத ஆண்கள் பற்றிய கதைகள். எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன்.

என் ஓட்டு கில்லியன் வெல்ச், டேவிட் ராலிங்ஸ் என்ற பாடகர் இணையின் ‘வுட்லண்ட்’ ஆல்பத்துக்கு. வுட்லண்ட் என்பது நாஷ்வில் நகரின் கிழக்குப் பகுதியில் அவர்களுக்குச் சொந்தமான ஸ்டுடியோ. 1971-இல் ‘நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட்’ என்ற இளைஞர் குழு, மூத்த கன்ட்ரி கலைஞர்களை அழைத்து உட்காரவைத்து ஒலிப்பதிவு செய்தது இங்கேதான். 2020 மார்ச்சில் நள்ளிரவில் அடித்த சூறாவளி அதன் கூரையைப் பிய்த்தெறிந்தது. கொட்டும் மழையில், இருட்டில், இருவரும் ஒலிநாடாக்களையும் கிட்டார்களையும் தூக்கி வெளியே கொண்டுவந்து காப்பாற்றினார்கள். பிறகு கட்டடத்தைச் செப்பனிட்டு, அதே இடத்தில் பதிவு செய்த 10 பாட்டுகள் 2024 ஆகஸ்ட்டில் வெளிவந்தன. சிறந்த ஃபோக் ஆல்பத்துக்கான கிராமியும் கிடைத்தது.

இந்தப் பின்கதை தெரியாவிட்டாலும் பாட்டுகள் நிற்கும். டெக்சஸ் பாடலாசிரியர் கை கிளார்க் 2016-இல் மறைந்தார். அவர் நினைவாக ‘ஹேஷ்டேக்’ என்றொரு பாட்டு இதில் உண்டு. பெரும்புகழ் வாய்க்காத பாடகனை உலகம் இரங்கல் செய்தியில்தான் கண்டுகொள்கிறது என்ற ஆதங்கம்தான் கரு. ஆனால் அழுது வடியாது. பழைய நண்பனைத் திண்ணையில் உட்கார்ந்து நினைத்துக்கொள்வதுபோல் போகும்.

இந்த இசைக்குப் புதியவர் என்றால் ‘வுட்லண்ட்’டின் முதல் பாட்டிலிருந்து தொடங்குங்கள். ஹெட்ஃபோனில் கேளுங்கள். குரல்களுக்கிடையே குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற அந்தச் சின்னக் கிட்டார், ராலிங்ஸ் விடாமல் வாசித்துவரும் 1935-ஆம் ஆண்டு எபிஃபோன்.