பாலம் அதிர்கிறது, கேட்பது யார்?

புது தில்லி: குஜராத் மாநிலம் மோர்பியில் மச்சு ஆற்றின் குறுக்கே இருந்த தொங்கு பாலம் 2022 அக்டோபர் 30-ஆம் தேதி அறுந்து விழுந்ததில் 135 பேர் உயிரிழந்தனர். சீரமைப்புக்குப் பின் பாலம் திறக்கப்பட்டு நான்கு நாள்களே ஆகியிருந்தன. அறுந்த வடத்திலிருந்த 49 கம்பிகளில் 22 கம்பிகள் துருப்பிடித்திருந்தன. அவை விபத்துக்கு முன்பே அறுந்திருக்கக்கூடும் என்று சிறப்புப் புலனாய்வுக் குழு தெரிவித்தது.

கண்ணுக்குப் புலப்படாத இத்தகைய சேதத்தை முன்கூட்டியே அறிய உதவுவது அதிர்வுப் பகுப்பாய்வு. ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் இயல்பான அதிர்வெண்கள் உண்டு. விரிசல் விழுந்து விறைப்புத்தன்மை குறைந்தால் அவையும் குறையும். பாலத்தில் பொருத்தப்படும் உணரிகள் இதைப் பதிவு செய்கின்றன.

வழக்கமான ஃபூரியர் முறை, பதிவில் எந்தெந்த அதிர்வெண்கள் உள்ளன என்பதைக் காட்டும். மாற்றம் எந்தக் கணத்தில் நேர்ந்தது என்பதைக் காட்டாது. அக்குறையைப் போக்குவது 'வேவ்லெட்' எனப்படும் சிற்றலைப் பகுப்பாய்வு. எண்ணெய் வள ஆய்வில் ஈடுபட்டிருந்த பிரெஞ்சுப் புவி இயற்பியலாளர் ழான் மோர்லே 1980-களில் இதற்கு வித்திட்டார். சிறியதோர் அலையை நீட்டியும் சுருக்கியும் பதிவின் நெடுகிலும் நகர்த்தி ஒப்பிடுவதே இம்முறை. கம்பி அறுபடும்போது எழும் நொடிப்பொழுது அதிர்ச்சியையும் இதனால் பிரித்தறிய முடியும்.

எனினும் வெப்பநிலையும் வாகனச் சுமையும்கூட அதிர்வெண்ணை மாற்றக்கூடியவை. ஆகவே, பாலம் நல்ல நிலையில் உள்ளபோதே பதிவுகளைத் திரட்டி வைத்தால்தான் ஒப்பீடு பொருள்படும்.

எச்சரிக்கை மதிக்கப்பட்டதற்கும் சான்று உண்டு. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில், உணரிகள் 2022 டிசம்பரில் எச்சரித்ததை அடுத்து ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்படும் வரை ராமேசுவரத்துக்கு ரயில் செல்லவில்லை. பயணிகளுக்கு அது பெரும் சிரமம். ஆனால், உயிர்ச் சேதம் இல்லை.

நாட்டில் 100 பாலங்கள் எந்நேரமும் இடிந்து விழும் நிலையில் உள்ளதாக மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017-இல் மக்களவையில் தெரிவித்தார். அதன் பிறகுதான் மோர்பி விபத்து நிகழ்ந்தது. 1985-இல் திறக்கப்பட்ட வதோதரா மாவட்ட கம்பீரா பாலமும் 2025 ஜூலை 9-ஆம் தேதி இடிந்து, வாகனங்கள் மஹிசாகர் ஆற்றில் விழுந்து பலர் உயிரிழந்தனர்.

கணிதமும் கருவியும் கைவசம் உள்ளன. எந்த அளவு மாற்றம் தென்பட்டால் பாலத்தை மூட வேண்டும், மூட உத்தரவிடும் பொறுப்பு யாருடையது என்பவை விதிகளில் தெளிவாக எழுதப்படாத வரை, உணரிகள் வெறும் பதிவேடுகளாகவே இருக்கும்.