குதிரைக்குக் கொடுத்த பொன்

பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட திருவாதவூரர், கொண்டு சென்ற பொருளையெல்லாம் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்ட வரலாற்றை அறியாத தமிழர் இலர். நரி பரியான அற்புதத்தை வியக்கும் நாம், அக்கதையில் பொதிந்துள்ள ஓர் உலகியற் செய்தியைக் கவனிப்பதில்லை. குதிரை வாங்குவதற்கு அரசனுடைய அமைச்சரே கருவூலப் பொருளுடன் செல்ல வேண்டியிருந்தது என்பதே அது. அத்துணை அருமையான பண்டமாக அந்நாளில் குதிரை விளங்கியது. இன்று நான் கூறப் புகுவது அற்புதக் கதையன்று. பாண்டியப் பேரரசு அரபு அதிபதி ஒருவரோடு குதிரைக்காகச் செய்துகொண்ட வாணிக உடன்படிக்கையைப் பற்றியது.

1251ஆம் ஆண்டில் அரியணை ஏறிய சடையவர்மன் சுந்தர பாண்டியனை ஸ்ரீரங்கத்தில் வாழும் நாங்கள் எளிதில் மறக்க இயலாது. திருவரங்கன் கோயிலுக்குப் பொன் வேய்ந்து, ‘பொன் வேய்ந்த பெருமாள்’ என்னும் பெயரை அவன் பெற்றான். சமயபுரத்தை அடுத்த கண்ணனூரில் வேரூன்றியிருந்த போசளரை வென்றவனும் அவனே. இவ்வாறு பரந்த பேரரசைக் காக்க யானைப்படை மட்டும் போதாது. விரைந்து செல்லும் குதிரைப்படையும் வேண்டும். ஆனால் நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் உயர்சாதிக் குதிரைகளுக்கு ஒவ்வவில்லை. நல்ல குதிரைக்கும் இங்கே கோணற்கால் குட்டியே பிறந்தது என்று, அந்நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதுகின்றார்.

ஆகவே குதிரைகள் கடல் கடந்து வந்தன. பாரசீக வளைகுடாவில் கிஷ் என்றொரு சிறு தீவு உண்டு. வணிகராகத் தொடங்கிய ஜமாலுத்தீன் இப்ராகிம் என்னும் அரபுப் பெருமகனார், மங்கோலியப் பேரரசின் கீழ் வரிக்குத்தகை எடுத்து, அத்தீவின் அதிபதியாக உயர்ந்தார். அவருக்கும் பாண்டியருக்கும் ஏற்பட்ட உடன்பாட்டைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் விரிவாக எழுதி வைத்துள்ளார்.

அதன் விதிகளை நோக்குவோம். ஜமாலுத்தீன் தம் சொந்தக் குதிரைகளுள் 1,400 குதிரைகளை ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும். அவற்றோடு பகுரைன், ஹோர்முஸ் முதலிய இடங்களிலிருந்து கிடைக்கும் குதிரைகளையும் இயன்ற அளவு திரட்டி அனுப்பலாம். குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தினார். இதுவரை இவ்வுடன்படிக்கையில் வியப்பொன்றும் இல்லை. அடுத்த விதியே உற்று நோக்கத்தக்கது. கடற்பயணத்தில் குதிரை ஊனமுற்றாலும் இறந்தாலும், அதன் விலையைப் பாண்டியர் கருவூலமே கொடுக்க வேண்டும்!

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1,400 குதிரைகளுக்கு ஆண்டொன்றுக்கு 3,08,000 தினார். வழியில் 200 குதிரைகள் மாண்டன என்று வைத்துக்கொண்டால், கரையையே காணாத குதிரைகளுக்காக மட்டும் 44,000 தினார் போகும். விற்பவருக்கு ஒரு காசும் குறையாது. நட்டம் முழுதும் வாங்குபவருக்கே.

வலிமை மிக்க பேரரசு இத்தகைய விதிக்கு ஏன் இணங்கிற்று? இரண்டு காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன. முதலாவது, தேவை. விற்பவர் தம் குதிரைகளை வேறு துறைமுகங்களுக்கும் கொண்டு செல்லலாம். பாண்டியரோ குதிரையின்றிப் போர் செய்ய இயலாது. கடலும் காற்றும் கொடியவை. நட்டம் முழுவதும் தம் தலையில் விழுமாயின், வணிகர் மரக்கலம் ஏற்றவே அஞ்சியிருப்பர். இரு நூற்றாண்டுகளுக்குப் பின் விசயநகரத்துச் சாளுவ நரசிம்மனும் இதே வழியைப் பின்பற்றினான். கடலில் இறந்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினாலே அவன் விலை கொடுத்தான் என்று போர்ச்சுகீசியர் நூனிஸ் எழுதுகின்றார்.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. பாண்டியரின் அமைச்சராக இருந்து, காயல் முதலிய துறைமுகங்களை மேற்பார்த்தவர் தகியுத்தீன் அப்துர் ரகுமான் என்பவர். அவர் வேறு யாருமல்லர்; கிஷ் தீவின் அதிபதி ஜமாலுத்தீனின் உடன்பிறந்தவரே. சீனத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் இக்கரைக்கு வரும் பண்டங்களில் முதலில் தெரிந்தெடுக்கும் உரிமை அவர் முகவர்களுக்கே இருந்தது. அதன் பின்னரே ஏனையோர் வாங்கலாம். திருவாதவூரர் வாங்குபவரின் அமைச்சர் மட்டுமே. இங்கோ வாங்குபவரின் அமைச்சர் விற்பவரின் குடும்பத்தவரும் ஆவார். அவர் நேர்மை தவறினார் என்று நான் கூறவில்லை; அவருடைய கடல் அறிவு பாண்டியருக்குப் பெரிதும் உதவியிருக்கும். ஆயினும் தராசின் இரு தட்டுகளும் ஒரே வீட்டாரின் கைகளில் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை.

வந்த குதிரைகளாவது பேணப்பட்டனவா? தானியத்தை வறுத்து வெண்ணெய் சேர்த்துத் தின்னக் கொடுத்தனர். காய்ச்சிய பசும்பாலைப் பருகச் செய்தனர் என்கின்றார் வஸ்ஸாஃப். குதிரை வைத்தியர் இங்கு வருவதை வணிகர்களே தடுத்தனர் என்று மார்க்கோ போலோ குறை கூறுகின்றார். பழைய குதிரை மாண்டால்தானே புதிய குதிரை விலைபோகும்! இது துறைமுகத்து வதந்தியாகவும் இருக்கலாம். எனினும் குதிரை வாங்கப் பொன்னைச் செலவிட்டவர்கள், குதிரை வளர்க்கும் கலையைக் கற்பதற்குப் போதிய அளவு செலவிடவில்லை என்பது தெளிவு.

முடிவு யாது? குலசேகர பாண்டியனுக்குப் பின் அவன் மக்கள் சுந்தரனும் வீரனும் அரியணைக்காகத் தம்முள் போரிட்டனர். 1311ஆம் ஆண்டில் மாலிக் காபூரின் படை பாண்டிய நாட்டுள் புகுந்தது. அப்படை தில்லிக்குக் கொண்டு சென்றவற்றுள் 512 யானைகளும் 5,000 குதிரைகளும் இருந்தன என்று அமீர் குஸ்ரோ குறிக்கின்றார். பொன் கொடுத்து வாங்கிய பரிகள், வீட்டினுள் ஒற்றுமை இன்மையால் மாற்றான் இலாயத்திற்குச் சென்றன.

உடன்படிக்கை என்றதும் விலை என்ன என்று கேட்பது நம் இயல்பு. அதனுடன் இன்னும் இரண்டு வினாக்களையும் கேட்டல் வேண்டும். நட்டம் வந்தால் யார் தாங்குவது? நம் சார்பில் பேசுகின்றவர் உண்மையில் யாருக்காகப் பேசுகின்றார்? நாடுகள் எழுதும் ஒப்பந்தமாயினும், நெல் விற்கும் உழவர் கைச்சாத்திடும் சீட்டாயினும், இவ்வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே எழுதுகோலை எடுத்தல் நலம்.