எந்த வெங்காயத்துக்கு இந்த நோய் வராது?

வெங்காயம் உரிச்சா நமக்குக் கண்ணீர் வரும். ஆனால் வெங்காயம் பயிர் செய்தவரையே கண்ணீர் விட வைக்கும் ஒரு வைரஸ் இருக்கிறது தெரியுமா? அதன் பெயர் ஐரிஸ் மஞ்சள் புள்ளி வைரஸ். நெதர்லாந்தில் ஐரிஸ் என்ற பூச்செடியில் கண்டறிந்து 1998-ல் விவரித்ததால் இந்தப் பெயர். இந்தியாவில் மகாராஷ்டிராவின் வெங்காயப் பயிரில் இது இருப்பது 2006-ல் பதிவானது.

அடையாளம் என்ன?
வெங்காயத்தாளிலும் பூத்தண்டிலும் வைக்கோல் நிறத்தில், நடுவில் அகன்று இரண்டு முனையும் கூர்ந்த புள்ளிகள் தோன்றும். புள்ளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் தாள் காய்ந்துவிடும். தாள்தானே வெங்காயத்துக்குச் சமையலறை! அது காய்ந்தால் காய் சிறுத்துப்போகும். விதைக்காக விட்ட பயிரில் பூத்தண்டு புள்ளி விழுந்த இடத்தில் ஒடிந்துவிடும். அப்புறம் விதை ஏது?

யார் பரப்புவது?
காற்றும் இல்லை, விதையும் இல்லை. இலைப்பேன் என்ற குட்டிப் பூச்சிதான்! நீளம் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர்தான். நோயுள்ள செடியைக் குஞ்சுப் பருவத்தில் சுரண்டி உறிஞ்சும்போது வைரஸ் அதன் உடம்புக்குள் போகும். வளர்ந்து இறக்கை முளைத்ததும், போகிற செடிக்கெல்லாம் அதைக் கொடுக்கும். வளர்ந்த பிறகு முதல்முறையாக நோய்ச்செடியைத் தின்றால் அந்தப் பூச்சியால் பரப்ப முடியாது.

ரகத்துக்கு ரகம் ஏன் வித்தியாசம்?
இங்கேதான் விஷயமே இருக்கிறது. கறுப்புத் திராட்சையின் மேல் சாம்பல் பூத்த மாதிரி ஒரு படலம் இருக்குமே, அது மெழுகு. வெங்காயத்தாளிலும் அந்த மெழுகு உண்டு. மெழுகு அதிகமுள்ள ரகத்தின் தாள் நீலம் கலந்த பச்சையாகத் தெரியும். குறைவாக உள்ள ரகம் மஞ்சள் கலந்த பச்சையாகப் பளபளக்கும். இலைப்பேனுக்குப் பிடித்தது மெழுகு அதிகமுள்ள தாள்தான்!

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 49 ரகங்களை நட்டுப் பார்த்தார்கள். முடிவு 2010-ல் வெளியானது. 11 ரகங்களில் மட்டுமே இலைப்பேன் சேதம் மிகக் குறைவு. அந்த 11-ம் மஞ்சள் பச்சைத் தாள் கொண்டவை. மற்ற 38-ம் நீலப் பச்சை!

அப்படியானால் மெழுகே இல்லாத ரகத்தை நட்டால் போச்சு என்று நினைக்கிறீர்களா? அதுதான் முடியாது. தாளில் உள்ள தண்ணீர் ஆவியாகாமல் காப்பதும் அந்த மெழுகுதான். ஆகவே மெழுகு அதிகமாகவும் இல்லாமல், அறவே இல்லாமலும் போகாமல், நடுத்தரமாக இருக்கும் ரகங்களை ஆய்வாளர்கள் தேடுகிறார்கள்.

அப்போ தலைப்புக் கேள்விக்கு விடை? இந்த வைரஸ் வரவே வராத வெங்காய ரகம் எதுவும் இதுவரை இல்லை. குறைவாகப் பாதிக்கும் ரகம் உண்டு, அவ்வளவுதான். வைரஸ் வந்த செடியைக் குணப்படுத்த மருந்தும் கிடையாது. அதனால் நல்ல ரகத்தோடு நிறுத்தாமல், பழைய வெங்காய வயலுக்குப் பக்கத்தில் புது நாற்று நடாமல் இருக்கணும். அறுவடைக்குப் பின் தானாக முளைக்கும் வெங்காயத்தையும் பிடுங்கிவிடணும். இல்லாவிட்டால் இலைப்பேனுக்கு வருஷம் முழுக்க விருந்துதான்!

செய்து பாருங்கள்:
1. வெங்காயத்தாளை விரலால் தேயுங்கள். மெழுகு போய், தேய்த்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியும்.
2. வயலுக்குப் போனால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து, அதன்மேல் செடியைத் தட்டுங்கள். மெல்லிய கோடு போல ஏதாவது ஊர்ந்தால் உற்றுப் பாருங்கள். அது இலைப்பேனாக இருக்கலாம்!

— 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு